விளம்பாத விளம்பரம்

நாகர்கோவில் பக்கத்துக் கல்யாணப் பந்தியில் ‘விளம்பு’ என்ற சொல் ஓயாமல் ஒலிக்கும். சோறு விளம்பியாச்சா, அவியல் விளம்பு, கடைசி இலைக்குப் பாயசம் விளம்பு என்று ஆளாளுக்குக் குரல் கொடுப்பார்கள். பரிமாறு என்று பொருள். எல்லை தாண்டிக் கேரளத்துக்குள் போனாலும் இதே சொல், இதே பொருள். அந்த ஊர்ப் பையன் ஒருவன் வேலை தேடிச் சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் கட்டில் பிடித்து, பக்கத்து மெஸ்ஸில் ‘சாம்பார் விளம்புங்க’ என்றால் பரிமாறுகிறவர் முழிப்பார். சென்னைக்காரர்கள் பேச்சில் அந்த வினை வழக்கொழிந்துவிட்டது. அதன் வயிற்றில் பிறந்த ‘விளம்பரம்’ மட்டும் சுவர், பஸ், பேப்பர், செல்போன் என்று எங்கும் கொடிகட்டிப் பறக்கிறது.

கணினிக்குள் தானாக வந்து உட்கார்ந்துகொண்டு விளம்பரங்களாகக் கொட்டும் நிரலை ஆங்கிலத்தில் ‘ஆட்வேர்’ என்கிறார்கள். தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ‘விளம்பர மென்பொருள்’ என்கிறார்கள். இந்தப் பெயர் அதற்குத் தகுமா? தகாது என்பது என் கட்சி. அதைச் சொல்ல விளம்பரம் என்ற சொல்லின் பின்னாலேயே கொஞ்ச தூரம் போய்வர வேண்டும்.

திருவல்லிக்கேணியை ஒட்டிச் சேப்பாக்கத்தில் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழகம், 1924 முதல் 1936 வரை தமிழ் லெக்சிகனை ஆறு தொகுதிகளாக வெளியிட்டது. விளம்புதலுக்குச் சொல்லுதல், வெளிப்படுத்துதல் என்ற பொருள்களோடு பரிமாறுதலும் அதில் உண்டு. பதிப்பாசிரியர் எஸ். வையாபுரிப்பிள்ளை திருநெல்வேலிச் சீமைக்காரர். திருவனந்தபுரத்தில் வக்கீல் தொழில் பார்த்தவர். இந்தச் சொல்லுக்கு அவர் ஏடு புரட்டியிருக்க வேண்டியதில்லை, பந்தியில் உட்கார்ந்திருந்தாலே போதும்.

பேசுவதும் சோறு போடுவதும் ஒரே வினைக்குள் எப்படி வந்தன? ‘விள்’ என்ற அடியைப் பார்த்தால் ஓரளவு வெளிச்சம் கிடைக்கிறது. இட்லியை விண்டு வாயில் போடுகிறோம். மனத்தில் இருப்பதை விண்டு சொல்கிறோம். விள்ளுதல் என்றால் பிளத்தல், திறத்தல், வாய்விட்டுச் சொல்லுதல். மூடிக் கிடப்பதைத் திறப்பதுதான் அடிப்படைக் கருத்து. விளம்புதலை இந்த அடியோடு சேர்த்துப் பார்க்க நல்ல இடம் இருக்கிறது. பாத்திரத்தில் மூடியிருப்பதை இலையில் எடுத்து வைப்பதும், நெஞ்சில் மூடியிருப்பதைச் சபையில் எடுத்து வைப்பதும் விளம்புதல்தான். இரண்டும் எதிரே இருப்பவர் கண்ணுக்கு முன்னால் நடக்கிறவை. இலைக்காரர் என்ன விழுகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார். வேண்டாம் என்றால் கையைக் குறுக்கே நீட்டி மறிக்கிறார்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். அறுபது வருடச் சுற்றில் 2018 ஏப்ரலில் பிறந்த ஆண்டுக்கு ‘விளம்பி’ என்று பெயர். கச்சேரியில் பாடகர் நிதானமாக எடுத்தால் ‘விளம்ப காலம்’ என்கிறோம். இவை வடமொழியின் ‘விலம்ப’த்திலிருந்து வந்தவை, தாமதம் என்று பொருள். விளம்பரத்துக்கும் இவற்றுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆட்வேர் ஏறிய கணினி விளம்ப காலத்தில் ஓடும் என்று யாராவது சிலேடை பண்ணினால் ரசித்துவிட்டு மேலே போகலாம்.

விளம்பரம் என்ற பெயர்ச்சொல் முதலில் கடைக்காரருக்குச் சொந்தமாக இருக்கவில்லை. அது ஆட்சியின் சொல். அரசன் சொன்னதை ஊருக்குச் சொல்வதுதான் விளம்பரம். மணிமேகலையின் தொடக்கக் காதைக்கு ‘விழாவறை காதை’ என்று பெயர். யானை மேல் முரசை ஏற்றி, புகார் நகரத்துக்கு இந்திரவிழாவை அறிவிக்கிறான் ஒருவன். யார் சார்பில் சொல்கிறான், என்ன சொல்கிறான், யாருக்குச் சொல்கிறான் என்ற மூன்றும் கேட்பவருக்குத் தெரியும். பின்னாளில் தமுக்கும் தண்டோராவும் அந்த வேலையைச் செய்தன. தமிழ்நாட்டில் தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி அரசு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியது 2022 ஆகஸ்டில்தான்.

இந்தப் பழைய பொருளை மலையாளம் அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறது. 1809 ஜனவரியில் வேலுத்தம்பி தளவாய் கம்பெனிக்கு எதிராக மக்களை அழைத்தது ‘குண்டறை விளம்பரம்’. 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள் கோயில்களைத் தாழ்த்தப்பட்டவர்களுக்குத் திறந்துவிட்டது ‘க்ஷேத்திரப் பிரவேச விளம்பரம்’. சோப்புக்கும் நகைக்கடைக்கும் அங்கே ‘பரஸ்யம்’ என்ற வேறு சொல் இருக்கிறது. நாம் இரண்டையும் ஒரே பையில் போட்டுவிட்டோம். அரசாணைக்கு ‘பிரகடனம்’, ‘அறிவிக்கை’ என்று தனிப் பெயர்கள் வந்ததும் விளம்பரம் முழுசாக வியாபாரியின் கைக்குப் போய்விட்டது.

வேலுத்தம்பிக்கு எட்டு வருடம் முன்பு, 1801 ஜூன் 16 அன்று, சின்ன மருது திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டச் செய்த அறிக்கையை இப்போது ‘ஜம்புத்தீவுப் பிரகடனம்’ என்கிறோம். ஒட்டியதைக் கிழித்து எடுப்பவனுக்குப் பெரும் பாவம் சேரும் என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு. தன்னை அகற்றக்கூடாது என்று காவல் போட்டுக்கொண்ட அறிக்கை! ஆனாலும் எழுதியது யார், எதற்காக எழுதினார் என்பதை அது ஒளிக்கவில்லை. பெயரைப் போட்டு ஒட்டியதற்கு விலையாக உயிரையே கொடுத்தார் மருது.

அச்சு வந்த பிறகு திருவல்லிக்கேணி இந்தச் சொல்லின் தலைநகரம் ஆயிற்று என்றே சொல்லலாம். 1878 செப்டம்பர் 20 அன்று ‘தி இந்து’வைத் தொடங்கிய ஆறு இளைஞர்களைத் ‘திருவல்லிக்கேணி அறுவர்’ என்றுதான் சரித்திரம் அழைக்கிறது. கையில் கடன் வாங்கிய ஒரு ரூபாய் பன்னிரண்டணா. முதல் இதழ் எண்பது பிரதி. அறுவரில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் ‘சுதேசமித்திர’னைத் தொடங்கினார். அந்தக் காலத்துப் பத்திரிகையில் விளம்பரம் வெட்கப்பட்டு உள்பக்கத்தில் ஒதுங்கி நிற்கவில்லை. 1958 ஜனவரி வரைக்கும் ‘இந்து’வின் முதல் பக்கமே விளம்பரங்களுக்கு உரியதாக இருந்தது, செய்தி உள்ளே இருந்தது. இன்று கேட்டால் விநோதமாகத் தெரியலாம். எனக்கென்னவோ அதில் ஒரு நேர்மை தெரிகிறது. இது விளம்பரம், இதைத் தாண்டினால் செய்தி என்று வாசலிலேயே சொல்லிவிட்ட ஏற்பாடு அது.

அதே பேட்டையில் வாலாஜா மசூதிக்குப் பக்கத்திலிருந்து 1927 முதல் ‘தி முசல்மான்’ என்ற உருது நாளேடு வருகிறது. கையால் எழுதி அச்சிடும் பத்திரிகை என்று உலகமெல்லாம் பெயர் வாங்கியது. உருதுவில் விளம்பரத்துக்கு ‘இஷ்திஹார்’ என்று சொல். புகழ்பெற்ற என்று பொருள்படும் ‘மஷ்ஹூர்’ என்ற சொல்லும் அதே அரபு வேரில் வந்தது. ஊரறியச் செய்வதுதான் அங்கேயும் கருத்து. ஆங்கிலத்தின் ‘அட்வர்டைஸ்’ லத்தீனில் ஒரு பக்கம் திருப்புதல் என்ற பொருளில் தொடங்கியது, கவனத்தைத் திருப்புவது. மூன்று மொழியிலும் ஒளிவுமறைவுக்கு இடமே இல்லை. விளம்பரம் செய்கிறவன் ஒளிந்துகொண்டால் அவன் செய்வது விளம்பரமே ஆகாது என்றுதான் இந்தச் சொற்களை உண்டாக்கியவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

விளம்பரக்காரரே பத்திரிகையை வாங்கிய கதையும் சென்னையில் உண்டு. பூதூர் வைத்தியநாதையர் 1926இல் தொடங்கிய ‘ஆனந்த விகடன்’ நொடித்தபோது, அதில் விளம்பரம் கொடுத்துவந்த எஸ்.எஸ். வாசன் 1928இல் அதை வாங்கினார். எழுத்துக்கு இருபத்தைந்து ரூபாய் வீதம் எட்டெழுத்துக்கு இருநூறு ரூபாய் கொடுத்தார் என்று விகடன் வரலாற்றில் சொல்வார்கள். வாங்கியவர் பத்திரிகையை வளர்த்தார். கணினி உலகத்தில் இப்படி வாங்குகிறவர்கள் வேறு ரகம் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

சுவருக்கு வருவோம். ‘சுவரொட்டி’ நல்ல பெயர். செயலும் இடமும் ஒரே சொல்லில் இருக்கின்றன. கறிக்கடையில் ஆட்டு மண்ணீரலையும் சுவரொட்டி என்றே கேட்டு வாங்குகிறோம், அது வேறு விஷயம். திருவல்லிக்கேணித் தெருக்களில் ‘விளம்பரம் செய்யாதே’, ‘நோட்டீஸ் ஒட்டாதே’, ‘ஸ்டிக் நோ பில்ஸ்’ என்று எழுதாத காம்பவுண்டுச் சுவரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அந்த வாசகத்தின் மேலேயே ஒட்டிவிட்டுப் போகும் போஸ்டருக்கும் பஞ்சமில்லை. சுவர்களை அலங்கோலம் செய்வதைத் தடுக்க 1959லேயே தனிச் சட்டம் வந்தது, இன்றும் இருக்கிறது. சட்டம் இருப்பதைச் சுவரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஆனாலும் போஸ்டரில் கட்சியின் பெயர் இருக்கும், அச்சகத்தின் பெயர்கூடக் கீழே பொடி எழுத்தில் இருக்கும். சண்டைபோட ஓர் ஆள் கிடைப்பார்.

ஆட்வேருக்கு மிக நெருங்கிய உறவு சுவரொட்டி இல்லை, பிட் நோட்டீஸ். விடியற்காலையில் பேப்பர் கட்டு பிரிக்கும் இடத்தில் யோகா வகுப்பு, பல் மருத்துவமனை, ஆடித் தள்ளுபடி எல்லாம் நாளிதழின் மடிப்புக்குள் நுழைந்துவிடும். நாம் சந்தா கட்டியது பேப்பருக்கு. நோட்டீஸ்காரர் காசு கொடுத்தது பேப்பர் போடும் ஏஜென்டுக்கு. பேப்பர் முதலாளிக்கு இதில் சம்பந்தமே இல்லாமலிருக்கலாம். வாசலில் விழுந்த பேப்பரை எடுத்தால் உள்ளே இருப்பதும் கூடவே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. எத்தனை வீட்டுக்குள் செருகினாரோ அத்தனைக்குக் கூலி. ஆட்வேர் தொழிலின் கணக்கு அச்சுஅசலாக இதுதான். ஒரு கணினிக்குள் ஏற்றிவிட்டால் இவ்வளவு என்று ஏற்றிவிட்டவருக்குப் பணம் போகிறது. வித்தியாசம் ஒன்று உண்டு. பிட் நோட்டீஸ் உதறினால் விழுந்துவிடும்.

இனி ‘வேர்’. ஆங்கிலத்தில் அதற்குச் சரக்கு என்று பொருள். நம் ஊர் ‘ஹார்டுவேர்ஸ்’ கடைப் பலகை ஆணி, தாழ்ப்பாள், பெயிண்டு என்று அந்தப் பொருளை இன்னமும் காட்டுகிறது. ‘சாஃப்ட்வேர்’ என்பதைக் கணினிப் பொருளில் முதலில் அச்சில் எழுதியவர் ஜான் டூக்கி என்ற புள்ளியியல் அறிஞர், ஆண்டு 1958. அதன்பின் இந்த வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பமே வந்தது. 1982இல் ஆண்ட்ரூ ஃப்ளூகல்மேன் தான் எழுதிய நிரலை எல்லாருக்கும் கொடுத்து, பிடித்திருந்தால் இருபத்தைந்து டாலர் அனுப்புங்கள் என்று கேட்டு, அந்த ஏற்பாட்டுக்கு ‘ஃப்ரீவேர்’ என்று பெயர் வைத்தார். பிறகு ஷேர்வேர். 1990இல் இஸ்ரேல் ராடாய் ‘மால்வேர்’ என்றார். கெடுதல் செய்யும் சரக்கு. அந்தப் பத்தாண்டில்தான் ஆட்வேரும் புழக்கத்துக்கு வந்தது.

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லாமல் போகக்கூடாது. ஆட்வேர் என்ற பெயர் பிறந்தபோது அது வசவாக இருக்கவில்லை. ஓபரா என்ற உலாவியை 2000 முதல் 2005 வரை இலவசமாகப் பயன்படுத்தியவர்களுக்கு நினைவிருக்கும். மேலே ஒரு பட்டையில் விளம்பரம் ஓடும். அது வேண்டாம் என்றால் பணம் கட்டி எடுத்துவிடலாம். யூடோரா என்ற மின்னஞ்சல் நிரலிலும் இதே ஏற்பாடு இருந்தது. கண்ணெதிரே நடந்த பேரம் அது. இந்த வகையை விளம்பர மென்பொருள் என்று அழைக்க எனக்கு எந்தத் தடையும் இல்லை.

கெட்டது அதற்குப் பக்கத்திலேயே வளர்ந்தது. பிரௌசிங் சென்டர்கள் தெருவுக்குத் தெரு இருந்த காலத்தில் அங்கே உட்கார்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள்: திரையில் ஊதா நிறக் கொரில்லா ஒன்று வந்து ஆங்கிலத்தில் பேசும். அது போன்சிபட்டி. பாட்டு இறக்க ‘கஸா’வை ஏற்றினால் கூடவே நாலைந்து சரக்கு ஏறும். பாஸ்வேர்டு நினைவில் வைத்துக்கொள்கிறேன் என்று வந்த ‘கேட்டர்’, நாம் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்று கவனித்து அதற்குப் போட்டியான கடையின் விளம்பரத்தை மேலே திறந்தது. முகவரிப் பட்டைக்குக் கீழே டூல்பார் மேல் டூல்பாராக அடுக்கி, படிக்க வேண்டிய பக்கம் இரண்டு விரல்கடை அகலத்துக்குச் சுருங்கிப்போகும். நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ் என்று அழுத்தியதைத் தவிர நாம் ஒரு பாவமும் செய்யவில்லை. ஏற்கெனவே டிக் அடித்து வைத்த கட்டங்கள் அந்த நெக்ஸ்டுகளுக்குள் இருந்தன.

பெயர்ச் சண்டை அப்போதுதான் மூண்டது. பாதிக்கப்பட்டவர்கள் இவற்றை ‘ஸ்பைவேர்’, அதாவது உளவுச் சரக்கு என்றார்கள். நிறுவனங்களோ எங்களை ஆட்வேர் என்றே சொல்லவேண்டும் என்று மல்லுக்கு நின்றன. 2003இல் கேட்டர் நிறுவனம், தன்னை ஸ்பைவேர் என்று எழுதிய பிசி பிட்ஸ்டாப் மீது அவதூறு வழக்குப் போட்டது. எழுதியவர்கள் சமரசம் செய்துகொண்டு அந்தப் பக்கங்களை நீக்கினார்கள். அதே ஆண்டு கேட்டர் தன் பெயரைக் ‘கிளாரியா’ என்று மாற்றிக்கொண்டது. கேட்டர் என்ற முதலைக்குப் பூப்பெயர் வைத்ததுபோலக் காதுக்குக் குளிர்ச்சி. 180சொல்யூஷன்ஸ் என்ற நிறுவனம் ‘ஸாங்கோ’ ஆயிற்று. 2006இல் அமெரிக்க வணிக ஆணையத்திடம் முப்பது லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்ட இந்த ஸாங்கோ, தன் நிரலைத் தடுத்ததற்காகக் காஸ்பர்ஸ்கி மீது வழக்குப் போட்டது. 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் காஸ்பர்ஸ்கி பக்கம் தீர்ப்பளித்தது. வழக்குக்குப் பயந்த பாதுகாப்பு நிறுவனங்கள் ‘வேண்டாததாக இருக்கக்கூடிய நிரல்’ என்று மென்று விழுங்கி ஒரு பெயரை உண்டாக்கின. கணினியைச் சோதிக்கும்போது ‘பப்’ என்று மூன்றெழுத்தில் வருகிறதே, அது அந்தப் பயத்தின் சுருக்கம். திருடனைத் திருடன் என்று சொல்லாமல் ‘அனுமதியின்றி உள்ளே வந்திருக்கக்கூடியவர்’ என்று எழுதினால் வாசிக்கிறவருக்கு என்ன விளங்கும்?

பெயர் மென்மையாக இருப்பதால் ஆபத்தும் மென்மையானது என்று தோன்றிவிடுகிறது. விளம்பரம்தானே, மூடிவிட்டால் போச்சு என்கிறோம். 2014 செப்டம்பர் முதல் சில மாதங்கள் லெனோவோ விற்ற மடிக்கணினிகளில் ‘சூப்பர்ஃபிஷ்’ என்ற நிரலை ஆலையிலேயே ஏற்றி அனுப்பியிருந்தார்கள். தேடும் பக்கத்தில் பொருள்களின் விளம்பரத்தைச் செருகுவது அதன் வேலை. பூட்டிய தளங்களுக்குள்ளும் செருகவேண்டும் என்பதற்காக அது கணினியின் நம்பிக்கைச் சான்றுகளுக்குள் தன் சான்று ஒன்றை வைத்தது. எல்லாக் கணினிக்கும் ஒரே சாவி. அந்தச் சாவி 2015 பிப்ரவரியில் வெளியே வந்ததும், அதே வைஃபையில் இருக்கும் எவரும் வங்கித் தளம்போல வேடம் போட முடியும் என்ற நிலை. விளம்பரத்துக்காக உடைத்த கதவு விளம்பரக்காரருக்கு மட்டும் திறக்கவில்லை. 2017இல் அமெரிக்காவின் 32 மாநிலங்களுக்கு முப்பத்தைந்து லட்சம் டாலர் கட்டி அந்த விவகாரம் முடிந்தது.

இந்தியாவுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. 2017 ஜூனில் செக் பாயிண்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் ‘ஃபயர்பால்’ என்ற ஆட்வேரைப் பற்றி அறிவித்தது. உலகம் முழுவதும் 25 கோடிக் கணினிகளில் ஏறியிருக்கிறது என்றும், இரண்டரைக் கோடிக்கு மேல் கொண்ட இந்தியாதான் பட்டியலில் முதல் என்றும் கணக்குச் சொன்னது. கணக்கு ஊதிப் பெருக்கியது என்று மைக்ரோசாஃப்ட் மறுத்தது. அடுத்த அறிவிப்பு 2019 ஜூலையில், செல்போனைப் பற்றி. ‘ஏஜென்ட் ஸ்மித்’ என்று பெயரிட்ட அந்த நிரல் போனில் இருக்கும் நல்ல செயலியை எடுத்துவிட்டு அதே முகத்தோடு விளம்பரம் காட்டும் போலியை வைத்துவிடும். இரண்டரைக் கோடி போன்கள். அவற்றில் ஒன்றரைக் கோடி இந்தியாவில். ‘9ஆப்ஸ்’ என்ற வெளிச்சந்தையிலிருந்து இறக்கிய விளையாட்டுகளோடு அது வந்தது. கூகுளின் கடைக்கு வெளியே ஓசியில் கிடைப்பதை இறக்கும் பழக்கம் நமக்கு அதிகம்.

வாங்கிக் கெடுக்கும் வேலையைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? ஆக்ராவிலிருந்து எழுதும் தொழில்நுட்ப எழுத்தாளர் ஒருவர் குரோம் உலாவிக்காக ஒரு சிறு இணைப்பு நிரல் எழுதியிருந்தார். முப்பதாயிரம் பேருக்கு மேல் பயன்படுத்தினார்கள். யாரோ நல்ல விலை கேட்டார்கள், கொடுத்துவிட்டார். ஒரு மாதம் கழித்து, 2014 தொடக்கத்தில், புதிய முதலாளி ஒரு அப்டேட் அனுப்பினார். பயன்படுத்தியவர்கள் எந்தத் தளத்துக்குப் போனாலும் விளம்பரம் முளைத்தது. பெயர் அதே பெயர், படம் அதே படம். கூகுள் அதை நீக்கியது. நம்பி ஏற்றியது நல்ல ஆளின் சரக்கு. உள்ளே இருந்தது வேறொருவரின் சரக்கு. அப்டேட்டுகள் தானாக ஏறும் காலத்தில் ‘நான் எதையும் புதிதாக ஏற்றவில்லையே’ என்று ஒருவர் சொன்னால் அது பொய்யாக இருக்கவேண்டியதில்லை.

மவுண்ட் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ரிச்சி தெருவிலும், திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையின் செல்போன் கடைகளிலும் ஆட்வேர் என்ற சொல் அவ்வளவாகக் காதில் விழாது. ‘ஃபோனைத் திறந்தாலே ஆட் வருதுப்பா, வைரஸ் வந்துடுச்சு போல’ என்று பெரியவர் நீட்டுவார். ‘கண்டதையும் ஏத்தி வெச்சிருக்கீங்க சார்’ என்று கடைப் பையன் சொல்வான். ‘ஏத்தி’ என்பது துல்லியமான சொல். ‘சார்’தான் ஏற்றினார் என்பது பாதி உண்மை. டார்ச் லைட், க்ளீனர், பேட்டரி சேவர், ராசிபலன் என்று வரும் செயலிகள் நிறுவிய பிறகு தங்கள் படத்தை ஒளித்துக்கொள்ளும். பிற செயலிகளின் மேல் தோன்றும் அனுமதியை முதலிலேயே வாங்கிவைத்திருக்கும். அழைப்பை எடுக்கப் போனால் குறுக்கே முழுத்திரை விளம்பரம். மூடும் பெருக்கல் குறி அரிசி மணி அளவு. விரல் தவறினால் இன்னொரு செயலி இறங்கும். டேட்டா தீரும், பேட்டரி சுடும். இவை சின்ன நஷ்டங்கள். ‘உங்கள் போனில் 13 வைரஸ்’ என்று மிரட்டி அழைக்கச் சொல்லும் விளம்பரத்தை நம்பி எண்ணைச் சுழற்றியவரின் நஷ்டம் வங்கிக் கணக்கில் தெரியும்.

கடைக்குப் போய் ஃபார்மேட் பண்ணுவதற்கு முன்னால் வீட்டிலேயே கொஞ்சம் பார்க்கலாம். தொல்லை எந்த நாளில் தொடங்கியது, அதற்கு முன் எதை ஏற்றினோம் என்பதுதான் முதல் கேள்வி. செட்டிங்ஸில் செயலிகளின் முழுப் பட்டியலைத் திறந்தால் முகப்பில் ஒளிந்தது அங்கே இருக்கும், பெயரில்லாமலும் இருக்கும். நீக்க மறுத்தால் போனை சேஃப் மோடில் திறந்து நீக்கலாம். குரோமின் அறிவிப்பு அனுமதிகளில் ஊர்பேர் தெரியாத தளங்கள் இருந்தால் அனைத்தையும் தடுத்துவிடுங்கள். ‘அலவ்’ என்பதை ஒருமுறை அழுத்தியதன் வினை அது. பலர் வைரஸ் என்று கலங்குவது இதற்குத்தான். கணினியில் உலாவியின் இணைப்பு நிரல்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க வேண்டும். விண்டோஸில் வேண்டாத நிரலைத் தடுக்கும் வசதி பாதுகாப்புப் பகுதியிலேயே இருக்கிறது. அது அணைந்து கிடந்தால் ஏற்றிவிடுங்கள்.

சட்டம் என்ன பெயர் வைத்திருக்கிறது? 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 43ஆம் பிரிவில், உரிமையாளரின் அனுமதியில்லாமல் கணினிக்குள் மாசு புகுத்துபவர் இழப்பீடு தரவேண்டும் என்கிறது. மாசு என்ற சொல்லைத் தேர்ந்தவரைப் பாராட்டலாம். 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் பதின்மூன்று வகை ஏமாற்று வடிவமைப்புகளைத் தடை செய்கின்றன. வேடம் போட்ட விளம்பரம், விடாத நச்சரிப்பு, கேடு செய்யும் நிரல் மூன்றும் அதில் தனித்தனியே உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் தமிழிலேயே புகார் சொல்லலாம். சட்டம் பெயர்களை விளக்கமாகப் பிரித்துவிட்டது. நம் தமிழ்தான் இன்னும் எல்லாவற்றையும் விளம்பரம் என்று ஒரே மரியாதையோடு அழைத்துக்கொண்டிருக்கிறது.

எனக்கு வேறொரு சொல் தோன்றுகிறது. அதற்கும் திருவல்லிக்கேணியில் வழி இருக்கிறது. 1938 செப்டம்பர் 11 அன்று, திருச்சியிலிருந்து நடந்தே வந்த இந்தி எதிர்ப்புப் படையை வரவேற்றுத் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் பெருங்கூட்டம் நடந்தது. அந்தப் போராட்ட வழியில் வந்த அரசியல் பேச்சில் ஊறி உரமேறிய சொல் ‘திணிப்பு’. கேட்காததை, வேண்டாததை, மறுக்க வழியில்லாமல் உள்ளே அடைப்பது என்று எந்தத் தமிழருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. ‘உளவு மென்பொருள்’ என்ற பெயர் எல்லா ஆட்வேருக்கும் பொருந்தாது, எல்லாம் உளவு பார்ப்பதில்லை. ‘தீநிரல்’ மிகப் பொதுவானது. சொல்லாமல் ஏறி, போகச் சொன்னால் போகாமல் உட்கார்ந்திருப்பதற்குத் ‘திணிப்பு மென்பொருள்’ சரியாக இருக்கிறது. விளம்பர மென்பொருள் என்ற பெயரைப் பழைய ஓபராபோல் முகம் காட்டிப் பேரம் பேசுகிற நிரல்களுக்கு விட்டுவைப்போம். பத்திரிகையில் எழுதுகிறவர்களும் கலைச்சொல் பட்டியல் போடுகிறவர்களும் இந்த இரண்டையும் பிரித்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் உங்கள் ஊர் வழக்கில் இருந்தால் அதையே போடுங்கள்.